கண் திறக்காத சிலை

1964-ல் மாட்டுங்காவில் நடந்த இளம் சிற்பிகள் கண்காட்சிக்குப் பிரம்மநாயகத்தின் சிலை மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் வாங்க மாட்டார்கள். செம்பூர் பீங்கான் பட்டறையில் வாரம் ஆறு நாள் அச்சு வார்த்துவிட்டு, எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் செய்த ஒரே சிலை அது.

சுட்ட மண்ணில் இரண்டே முக்கால் அடிப் பெண். இடுப்பின் ஒசிவு நெல்லையப்பர் கோயில் தூண்களில் பார்த்தது. உருண்டை முகமும் தடித்த உதடும் ஊர்க் கோயில் கொடைக்குச் செய்யும் மண் அம்மனுடையவை. இடுப்பிலிருந்த குடம் மட்டும் தாராவிக் குழாயடியில் தினமும் பார்ப்பது.

மூன்று மணிக்குக் கைவண்டிக்காரரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தான். வாசலில் வைத்திருந்த சிலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் வடிந்தது. கழுத்தில் அரளி மாலை. எதிர்வீட்டு முப்பிடாதியம்மாளோடு நாலு பெண்கள் குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மதினி, என்ன செஞ்சிய! வண்டி நிக்கி."

"அம்மன வண்டில ஏத்தவா போற? ஏல, தெருவத் தேடி வந்தவள அனுப்பினா நாம வெளங்குவமா?"

"அம்மன் இல்ல மதினி. தண்ணி எடுக்கப் போற பொம்பள."

"எந்தப் பொம்பளைக்குல இப்படி ஒதடு இருக்கு?"

அவனுடைய அக்கா முருகம்மாள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். "யக்கா, மூஞ்சியத் தடவிப் பாருங்க. கண்ணு தொறந்திருக்கா?"

முப்பிடாதியம்மாள் தடவினாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான இரண்டு மேடுகள். கண் திறந்துவிட்டால் விளக்கேற்றிக் கும்பிட வேண்டும் என்பதால், வெளியே அனுப்பும் உருவத்துக்குப் பிரம்மநாயகம் கண் திறப்பதே இல்லை.

"அப்ப வெறும் மண்ணுதான்." மாலையைக் கழற்றினாள். பிறகு குனிந்து குடத்தைப் பார்த்தாள். "ஓரம் நசுங்கியிருக்கு! இது என் குடம்லா?"

"ஆமா மதினி."

"அப்ப அந்த ஒதடு?"

பிரம்மநாயகம் வண்டிக்காரரைக் கூப்பிடப் போய்விட்டான்.

சோப்புப் போட்டால் மஞ்சள் சிவந்துவிடும் என்று அக்கா வெறும் தண்ணீரால் தேய்த்தாள். மண் குடித்த மஞ்சள் போகவில்லை.

கண்காட்சி மண்டபத்தை அடைந்தபோது ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பதிவு மேசைக்காரர் சிலையைச் சுற்றி வந்து, இது என்ன நிறம் என்று கேட்டார். பிரம்மநாயகம் மஞ்சள்தூளுக்கான இந்திச் சொல்லால், "ஹல்தி" என்றான். அவர் தாளில் 'சுட்ட மண், மஞ்சள்' என்று எழுதி, முப்பத்தேழாம் எண்ணை ஒட்டினார். பின்னாளில் அவன் தானே மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் செய்த சிலைகளுக்கெல்லாம் அதே விவரம்தான்.

வெளியே வந்து ஒரு டீ வாங்கினான். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கூடவே இரண்டு பாவ் ரொட்டியும் வாங்கிக்கொண்டான்.