பம்பு முனையைப் பிடிக்க ஒரு கை

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்றார் சித்தப்பா. அக்காவின் சேவையை எழுதாமல் சைக்கிளுக்குக் காற்றடித்ததை எழுதுகிறேனே, சரிதானா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

அக்கா வரிச்சிக்குடியில் பிறந்தவர். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்ததும் அவரே. நர்சு வேலைக்குச் சேர்ந்தார். திருமணம் வேண்டாமென்று இருந்துவிட்டார். என் கணவர் குவைத்துக்குப் போன பிறகு, எனக்கும் என் மகளுக்கும் துணையாகக் காரைக்காலில் எங்களோடு தங்கினார்.

தடுப்பு மருந்துப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிராமங்களுக்குச் சைக்கிளில் போவார். தார் ரோட்டில் டயர் கல்லு மாதிரி இருக்க வேண்டும் அவருக்கு. வாய்க்கால் கரையில் இறங்கும்போது காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவார். மறுபடி ரோட்டுக்கு வந்ததும், கூடவே கொண்டுபோகும் சின்னப் பம்பால் அடித்துக்கொள்வார். நடவுக்கு வந்த பெண்கள் கேலி செய்வார்களாம்.

"ஏன் நர்சம்மா, நீங்களே எறக்குறீங்க, நீங்களே அடிக்கிறீங்க. வேற வேலையே இல்லியா?"

"கரையில ரோடு போட்டுக் குடுங்க, நான் ஏன் எறக்கப்போறேன்? பெட்டி குலுங்குனா மருந்து ஒடஞ்சிடும்ல!"

சின்னப் பம்பை வால்விலேயே திருகி ஒருவரே அடிக்கலாம், ஆனால் நேரமாகும். வீட்டில் பெரிய பம்பு. உப்புக் காற்றில் அதன் கிளிப் துருப்பிடித்து உடைந்திருந்ததால், ஒருவர் முனையை வால்வில் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் அடிக்க வேண்டும். காலையில் நான் பிடிப்பேன், அக்கா அடிப்பார்.

"நல்லா அமுத்துடி, உஸ்ஸுன்னு போவுது பாரு. ஒனக்கெல்லாம் கை எதுக்கு?"

மகளுக்குக் காய்ச்சல், குவைத்திலிருந்து போன் வரவில்லை என்று என் கவலைகளையெல்லாம் குனிந்தபடியே கொட்டுவேன். அடித்துக்கொண்டே பதில் சொல்வார்.

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "டயரப் பாத்தியா? காத்து இல்லாம நிக்கவிட்டா வீணாப்போயிடும்" என்றார். வீடு திரும்பவில்லை.

"சைக்கிளக் குடுத்துடும்மா. புள்ளய வச்சிக்கிட்டு எங்கயாவது விழுந்து வச்சா?" என்றார் சித்தப்பா. என் பயமும் அதுதான். ஆனால் யாரையும் எதிர்பார்க்காமல் மகளைப் பள்ளியில் விட வேறு வழியில்லை. சைக்கிள் கடையில் கம்ப்ரசரில் அடிக்கக் கொடுத்தேன். அளவு தெரியாமல் ஏற்றிவிட்டார்கள் போலும், வெயிலில் டியூப் வெடித்து மகள் அலறிவிட்டாள். சின்னப் பம்பால் அடித்துவிட்டுப் போனால் பள்ளியில் மணி அடித்துவிடும். பெரிய பம்பின் முனையை அழுத்த மகளின் கைக்கு வலுவில்லை. கடைசியில், விற்றுவிடுங்கள் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

வாங்குகிறவரை அழைத்துக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். புதுக் கிளிப்போடு வந்து நின்றார்.

"வித்துட்டு அப்பறம் ஒக்காந்து அழுவ. ஒன்னைய எனக்குத் தெரியாதா?" என்றபடியே மாட்டினார். "இப்ப அடிச்சிப் பாரும்மா. இனிமே யாரும் புடிக்க வேணாம்."

அடித்தேன். முனை தானாகவே கவ்விக்கொண்டது. டயர் கல்லு மாதிரி ஆனது. அக்கா இல்லை என்பது அன்றுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட உறவினர்களுக்கும், அக்காவோடு பணிபுரிந்தவர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்து வழியனுப்பிய கிராமத்து மக்களுக்கும், சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி. மகளைச் சைக்கிளில்தான் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். இந்தப் பக்கம் வருகிறவர்கள் காலையில் காற்றடிக்கும் நேரத்துக்கு வாருங்கள். எதையும் பிடிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தால் போதும்.