கிருபாவதி டீச்சரின் மொட்டைமாடி மீன்கள்

காலையில் மொட்டைமாடிக்கு வந்தால் கிருபாவதி நேரே தொட்டியிடம் போகமாட்டாள். வெயில் எந்தப் பக்கம் என்று முதலில் பார்ப்பாள். தன் நிழல் தண்ணீரில் விழாதபடி சுற்றிக்கொண்டு போய் மேற்கு ஓரத்தில் குனிவாள். வலது கைச் சுண்டுவிரலை மட்டும் நனைத்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வாள். மழை விட்ட மண்போல மணந்தால் எல்லாம் நலம். மூக்கில் ஏறுகிற காட்டம் கொஞ்சம் தெரிந்தாலும் அன்றைக்கு மீன்களுக்குத் தீனி கிடையாது. அதற்குப் பிறகுதான் விரலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, தொட்டி விளிம்பில் வளையலால் தட்டுவாள். பச்சை இருட்டிலிருந்து சாம்பல் முதுகுகள் எழும்பி வரும். தண்ணீரே வாய் திறந்த மாதிரி இருக்கும்.

அவள் பிறந்தது மராத்தி பேசும் கிர்க்கியில். அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. பூர்வீகம் நாசரேத் பக்கம் என்று சொல்லிக்கொள்வார்களே தவிர, அவள் அந்த ஊரைப் பார்த்தது இரண்டு கல்யாணங்களில்தான். தமிழ் எழுத்தை வேதக்கோயில் பாட்டுப்புத்தகத்தில் படித்தாள். கணக்கை மராத்தியில் போடுவாள், கோபம் வந்தால் இந்தியில் திட்டுவாள். வானவடியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டாவது மாடியில் குடியிருந்துகொண்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்தாள். கணவன் மனுவேல் ராணுவப் பணிமனையில் ஸ்டோர்கீப்பர்.

மீன் பைத்தியம் பிடித்தது 1983இல். பள்ளிக்கூடத்துக்கு யாரோ தானமாகத் தந்த வெளிநாட்டுப் பத்திரிகைக் கட்டில் ஒரு படம் இருந்தது. கீழே மீன் தொட்டி, மேலே தக்காளிச் செடி, இரண்டுக்கும் ஒரே தண்ணீர். மீனின் கழிவைச் செடி தின்கிறது, செடி சுத்தம் பண்ணிய தண்ணீரில் மீன் நீந்துகிறது. கோடையில் குழாய்த் தண்ணீருக்கு வாளியோடு காத்திருந்து பழகியவளுக்கு அந்தப் படம் கண்ணைவிட்டு அகலவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மனுவேலைப் பழைய சாமான் விற்கிற ஜூனா பஜாருக்கு இழுத்துப் போனாள். பழைய பீப்பாய்கள், டெசர்ட் கூலரிலிருந்து கழற்றிய குட்டிப் பம்புகள் எல்லாம் மாடி ஏறின. பீப்பாய்களை நெடுக வெட்டி ஜல்லி நிரப்பிப் பாத்தியாக்கினாள். நடுவில் செங்கல் தொட்டி. கடக்வாஸ்லா அணைப் பக்கத்து மீன்காரர் ஒருவர் பால்கேனில் ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் கொண்டுவந்து கொடுத்தார்.

முதல் குஞ்சுகள் ஒரே வாரத்தில் செத்து மிதந்தன. ஜல்லி ஊறிப் பழகி, கண்ணுக்குத் தெரியாத பாசியும் கிருமியும் அதில் குடியேற வேண்டும், அதுவரைக்கும் பொறுக்க வேண்டும் என்று அப்புறம்தான் பிடிபட்டது. பொறுத்தாள். இரண்டாவது தடவை பாலக்கீரை முழங்கை உயரத்துக்கு எழுந்தது. மீன்கள் உள்ளங்கை அகலம் ஆயின.

வில்லங்கம் வந்தது மூன்றாவது மாடியிலிருந்து. தொட்டிக்கு நேர் கீழே குடியிருந்தவர் பத்ரிநாத். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் ரிட்டயரானவர், கட்டடச் சொசைட்டிக் காரியதரிசி, மாயவரத்துக்காரர். படிக்கட்டு விளக்குக்கான பொது மீட்டரிலிருந்து பம்புக்குப் போன வயரை முதலில் பிடுங்கச் சொன்னார். மனுவேல் தன் வீட்டிலிருந்தே வயர் இழுத்துக் கொடுத்தான். பிறகு, 1985 பிப்ரவரியில் சொசைட்டிக் கூட்டத்தில் எழுந்தார்.

"எங்காத்து ஸ்வாமி அலமாரிக்கு மேலே மீன் நீஞ்சறது. நான் சகிச்சுண்டிருக்கேன். ஆனா நாத்தத்தைச் சகிக்கணும்னு சட்டம் இல்லை."

"நாத்தம் வந்திச்சா சார்?" என்றாள் கிருபாவதி.

"வரும்."

"வந்தா சொல்லுங்க."

"ஈஸ்டர் வரைக்கும் டயம் தரேன். அதுக்குள்ளே ஒரு மீன் செத்து மிதந்தாலும் அன்னிக்கே தொட்டியை இடிச்சுடணும்."

"ஒண்ணும் சாகலைன்னா?"

பத்ரிநாத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ இருக்கட்டும். பேச்சு மாறமாட்டேன்."

அன்றிலிருந்து ஈஸ்டர்தான் வீட்டில் பேச்சு. பண்டிகைக்கு மட்டன் கிடையாது, மாடி மீன்தான் என்று சபையில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள். தொட்டி மீனுக்கு ஒரு சேற்று வாடை இருக்கும். அந்த வாடை போவதற்கு, பிடிப்பதற்கு முன் தீனி போடாமல் சுத்தமான தண்ணீரில் விட்டுவைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை வெயிலில் வைத்து பிளீச்சிங் வாசம் போக்கி ஒரு பீப்பாயில் நிரப்பினாள். வியாழக்கிழமை பெரிய மீன்களை எல்லாம் வலையில் அள்ளி அதில் விட்டாள். இடம் நெருக்கடி. ஆனால் ஒரு கூலர் பம்ப் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி மேலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. அந்தக் கொட்டலில்தான் தண்ணீருக்குள் காற்று இறங்கும். மீனுக்கு மூச்சு அது.

"மீனுக்கும் பெரிய வெள்ளி உபவாசமா?" என்றான் மனுவேல்.

"உங்கள மாதிரி வடை எப்போன்னு கேக்காதுல்ல."

பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி ஆராதனை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும் என்று கிருபாவதி லூனா மொபெட்டில் முன்னால் போய்விட்டாள். மனுவேல் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம். நான்காவது முடியப்போகிற நேரத்தில் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அத்தான், கேஸ மூடுனீங்களா?"

"மூடியாச்சி. மெயினையும் அணைச்சாச்சி. பேசாம இரு, பாஸ்டர் பாக்காரு."

அது மனுவேல் வீட்டு வழக்கம். அவன் அப்பா காலத்திலிருந்து, பெரிய வெள்ளியில் அந்த மூன்று மணி நேரமும் வீட்டில் விளக்கு, ரேடியோ, மின்விசிறி எதுவும் ஓடக்கூடாது. ஒவ்வொரு சுவிட்சாக அணைப்பானேன் என்று அவன் மெயினையே இறக்கிவிடுவான். போன வருஷம் பம்புக்குக் கரண்ட் படிக்கட்டு மீட்டரிலிருந்து வந்தது. இந்த வருஷம் வயர் வீட்டிலிருந்தே அவன் கையால் இழுத்தது.

கிருபாவதி பாட்டுப்புத்தகத்தை மூடினாள். "பம்ப்பு," என்றாள்.

மனுவேல் திரும்பிப் பார்த்தான். "ஐயையோ," என்றான், ஆராதனைக்கு ஏற்ற குரலில்.

ஏப்ரல் வெயில், நெருக்கியடித்த பீப்பாய், நின்றுபோன தண்ணீர். அரை மணி நேரம் தாங்கினால் பெரிது. இப்போதே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவள் நடு பெஞ்சில் இருந்தாள். இந்தப் பக்கம் ஆறு முழங்கால், அந்தப் பக்கம் எட்டு. பாஸ்டர் தாகத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போது மனுவேலிடம் சாவியை வாங்கிக்கொண்டு எழுந்தாள். முழங்கால்கள் ஒவ்வொன்றாக விலகின. பின்வரிசையில் ஆரோக்கியமணி அக்கா கையைப் பிடித்தாள்.

"என்ன டீச்சர், மயக்கமா?"

"மீனுக்கு மூச்சு முட்டுதுக்கா."

அந்த அக்கா வாயைத் திறந்தபடியே கையை விட்டாள்.

வெள்ளைச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு லூனாவை மிதித்தாள். அது ஒருபோதும் அவ்வளவு வேகம் போனதில்லை. கன்டோன்மென்ட் மரங்கள் நிழலும் வெளிச்சமுமாக அவள்மேல் மாறி மாறி அடித்தன. கர்த்தாவே ஒண்ணு மட்டும் சாகக் கூடாது என்று வேண்டினாள். எந்த ஒன்று என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு மீன் போனாலும் எல்லாம் போயிற்று. இரண்டு வருஷம் நனைத்து நனைத்துப் பார்த்த விரல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தது.

வீட்டைத் திறந்து மெயினைத் தூக்கிப் போட்டாள். இரண்டு இரண்டு படியாக மாடிக்கு ஓடினாள். மாடிக் கதவைத் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு, பீப்பாயருகே போய்த்தான் திறந்தாள்.

மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

ஒன்றுகூட மேலே வாய் பிளக்கவில்லை, ஒன்றுகூடச் சாயவில்லை. தண்ணீரில் நுரைக் குமிழ்கள் மிதந்தன. பீப்பாயைச் சுற்றித் தளமெல்லாம் ஈரம். துள்ளித் துள்ளி இறைத்திருக்கும் என்று நினைத்தாள். வேறு எதையும் நினைக்க அப்போது அவளால் முடியவில்லை. ஈரத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கொஞ்சம் அழுதாள். பம்ப் மறுபடி கொட்டுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

சாயந்திரம் மனுவேல் வந்து நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். "அஞ்சாவது வார்த்தையில இருந்து முழங்கால்லதான் இருந்தேன். சும்மாவா பொழச்சிச்சி?"

"அணைச்சதும் நீங்க, பொழைக்க வச்சதும் நீங்களா?"

சனிக்கிழமை காலை மாடியில் திருவிழா. கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றார்கள். கிருபாவதி வலையை இறக்கித் தூக்கினாள். வெயிலில் வெள்ளித் தகடுகளாக மீன்கள் துள்ளின. ஒன்று மனுவேல் சட்டைப் பையில் வாலால் அறைந்துவிட்டு நழுவியது. அவன் அதைத் துரத்திக்கொண்டு பாலக்கீரைப் பாத்தியைச் சுற்றி ஓடினான். பிள்ளைகள் "பகடோ, பகடோ" என்று பிடிக்கச் சொல்லிக் கத்தினார்கள். ஒரு பக்கம் கீரையும் தக்காளியும் கூடையில் நிறைந்தன. மறுபக்கம் இரண்டு அலுமினியக் குண்டான் நிறைய மீன். இவ்வளவும் ஒரே தண்ணீர் தந்தது என்று அவள் எல்லாருக்கும் சொன்னாள். கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

பத்ரிநாத் மாடிக் கதவோரம் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார்.

"சார், ஒண்ணுகூடச் சாகல," என்றாள்.

"அதான் பாத்தேனே." துண்டை எடுத்தார். "தொட்டி இருக்கட்டும். வலையை மட்டும் எங்காத்து ஜன்னலுக்கு நேரா உதறாதீங்கோ."

அவ்வளவுதான். தொட்டி இருந்தது. அடுத்த வருஷம் இன்னொரு தொட்டியும் வந்தது.

நான்கு வருஷம் கழித்து பத்ரிநாத் குடும்பம் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது, சாமான் கட்டுகிற இடத்தில் அவர் மனைவி அபயாம்பாள் கிருபாவதியிடம் இதைச் சொன்னாள். அந்தப் பெரிய வெள்ளியன்று, எல்லாரும் கோயிலுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து, குற்றம் கண்டுபிடிக்கத்தான் அவர் மாடி ஏறியிருக்கிறார். பீப்பாயில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நின்றன. அவருக்குப் பொறுக்கவில்லை. அங்கே கிடந்த பிளாஸ்டிக் மக்கை எடுத்து, தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்ற ஆரம்பித்தவர், ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தவில்லை. படியில் கிருபாவதி ஓடிவருகிற சத்தம் கேட்டதும் குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். அவள் சிரித்து, அழுது, இறங்கிப் போகிறவரை சொட்டச் சொட்ட ஈர வேஷ்டியோடு அங்கேயே நின்றிருக்கிறார்.