மறுப்புக்குப் போஸ்டர் கிடையாது

போராட்டக்காரன் தொழில் என்பது பாதி நாள் கோஷம் போடுவது, மீதி நாள் 'பத்திரிகையில் வந்தது பொய்' என்று ஊருக்கு விளக்கம் சொல்வது. நோட்டீஸ் படித்தே படிப்பாளியான என் போன்றவர்களுக்கு இது தெரியும். எங்கள் பக்கத்து மாலைப் பத்திரிகை ஒன்று செய்ததை வரிசையாகவே சொல்கிறேன். முதலில், கல்குவாரியை எதிர்த்து மேலூரில் அமைதியாக உட்கார்ந்தோம், 'கலவரம்' என்றது. அடுத்து, குவாரிக் குழியில் விழுந்து செத்த தொழிலாளியைக் 'குடிபோதை ஆசாமி' ஆக்கியது. மூன்றாவது, அதைக் கேட்கப் போன என்னை 'மர்ம நபர்' என்றது. நான்காவது, செல்லமணி.

தொங்கும் தாள்

செல்லமணி பரவைப் பக்கம் ஒரு கமிஷன் கடையில் காய் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவள். ஒருநாள் மேலூர் பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்று அழுத பிள்ளைக்குப் பன் வாங்கிக் கொடுத்து மடியில் வைத்திருந்தாள். யாரோ சந்தேகப்பட்டுக் கத்த, கூட்டம் கூடி அடித்தது. பிள்ளையின் தாய் ஓடிவந்து, போலீஸிடம் உண்மையைச் சொல்லி அவளை மீட்டாள். ஆனாலும் சாயங்காலம் பத்திரிகையில் அவள் படம் வந்தது. டீக்கடை வாசலில் போஸ்டர்: 'பிள்ளை பிடிக்கும் பெண் சிக்கினாள்!'

இறக்கச் சொன்னேன். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "நாளைக்கு வேற போஸ்டர் வந்துரும்ணே, அதுவரைக்கும் தொங்கட்டும். இன்னைக்கு எம்புட்டுப் பேப்பர் போயிருக்கு தெரியும்ல?"

உள்பக்கம்

அந்தப் பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கும் நிருபர் தம்பியைப் பிடித்துச் சண்டை போட்டதில் மறுப்பு வந்தது. உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரத்துக்குக் கீழே, 'அந்தப் பெண் குற்றமற்றவர்' என்று இரண்டு வரி. போஸ்டரைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் பத்திரிகையே வாங்காதவர்கள், அவர்களுக்கு யார் சொல்வது என்று அந்தத் தம்பியிடமே கேட்டேன்.

"மறுப்புக்கெல்லாம் போஸ்டர் அடிக்க மாட்டாங்கண்ணே."

ஒரு சாண் தலைப்பு

அன்றே அச்சகத்தில் உட்கார்ந்து நோட்டீஸ் எழுதினேன். தலைப்பு ஒரு சாண் உயரம்: 'பிள்ளை பிடிப்பவள் என்று பழி! பத்திரிகையின் கொலைவெறி!' பெருமையாகத்தான் நீட்டினேன். நெற்றித் தையலோடு செல்லமணி எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இதுலயும் பிள்ளை பிடிக்கிறவங்கறதுதானண்ணே பெருசா இருக்கு?"

வேறென்ன செய்யட்டும் என்றேன். கமிஷன் கடையில் நடப்பதைச் சொன்னாள். ஏலம் எடுத்தவர் பெயரை மைக்கில் கூப்பிட்டால்தான் சரக்கு அவருக்கு. போஸ்டர் வந்ததிலிருந்து ஏலக்காரர் மாயாண்டி, அவள் கேட்கும் விலை காதில் விழாததுபோல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறார். காய் இல்லை, பிழைப்பும் இல்லை. "மாயாண்டியண்ணன் வாயால என் பேரைக் கூப்பிடட்டும். அது போதும்."

மைக்

மறுநாள் செல்லமணியையும், பிள்ளையோடு அந்தத் தாயையும் அழைத்துக்கொண்டு கமிஷன் கடைக்குப் போனேன். "இது யாவாரம் நடக்கிற எடம்ணே, ஒங்க மேடை இல்ல. நாலு பேரு மொறைச்சா யாரு பதில் சொல்றது?" என்றார் மாயாண்டி. நான் பேச வாயெடுப்பதற்குள், அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிச் செல்லமணி இடுப்பில் வைத்துவிட்டு வியாபாரிகளைப் பார்த்துத் திரும்பினாள். "பெத்தவ எனக்கில்லாத பயம் ஒங்களுக்கு எதுக்குய்யா?"

ஏலம் தொடங்கியது. பிள்ளையை இறக்காமலே செல்லமணி விலை கேட்டாள். என் ஆயுசுக்கும் நான் அச்சடித்த நோட்டீஸெல்லாம் சேர்ந்து செய்யாததை, தலைப்பும் இல்லாமல் ஆச்சரியக்குறியும் இல்லாமல், அத்தனை வியாபாரிகள் சாட்சியாக மாயாண்டியின் மைக் ஒரே வரியில் செய்து முடித்தது: "கத்தரிக்கா ரெண்டு மூட்டை, செல்லமணி."