மேகம் பார்க்கிற வேலை

எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்ற செய்தி எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பரவியதும் பக்கத்துக் காம்பரா அக்கா முதலில் கேட்டது இதுதான்: "எந்த ஏஜென்சி தங்கச்சி? வீட்டு வேலையா, புள்ள பாக்குற வேலையா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. பௌதிகவியல் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். பதுளையில் தங்கி, பஸாரில் ஒரு கணினி வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் இல்லக்கா" என்றேன். பிறகு என்ன வேலை என்று கேட்டாள். கோபத்தை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள் அவை. எங்கள் வகுப்பில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக முக்கி முனகி வரும். ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் படத்தைத் திறந்தால் மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக இறங்கும். பாதியில் தொடர்பு அறுந்துவிடும். கீழ்ப்பாதி சாம்பல் நிறத்தில் அப்படியே நிற்கும். நான் ஆசையாகப் பார்த்த வானமெல்லாம் அநேகமாகப் பாதி வானம்தான். அப்படிப்பட்டவளை, சும்மா போட்டுவைத்த ஒரு விண்ணப்பத்தைப் பார்த்து, எங்கோ ஒரு மலை உச்சியிலிருந்த வானாய்வு நிலையம் கூப்பிட்டிருந்தது. ஏன் கூப்பிட்டார்கள் என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

அம்மா சரியென்று சொல்லாமல் நான் போவதாக இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அவள் கொழுந்துக் கூடையைக் கழற்றி வைத்துவிட்டு சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனவள். நான் பெரிய பிள்ளையானபோதும் அங்கேதான் இருந்தாள். சடங்கில் எனக்குத் தண்ணீர் ஊற்றியது அத்தை. அம்மா அனுப்பிய சம்பளத்தில்தான் நான் படித்தேன். இருந்தும் அந்த வருடங்களுக்காக அவள்மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது. இப்போது நானே போகிறேன், சரியென்று சொல் என எந்த முகத்தோடு கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை பெரகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டத்துக்கு ஏறி, வீட்டு முன்வாசல் இஸ்தோப்பில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பற்றி விளக்கத் தொடங்கினேன்.

"அந்த மலையில பெரிய தொலைநோக்கி ஒன்னு இருக்கும்மா. ஆனா நட்சத்திரத்த ஆராய்றவங்க யாரும் அங்க வர்றதில்ல. அவங்கவங்க ஊர்லயே இருந்துக்கிட்டு கம்ப்யூட்டர்ல அதத் திருப்புவாங்க. கண்ணாடி நூல் மாதிரி ஒரு கம்பி மலையில இருந்து கடலுக்கு அடியில போகுது. எம்மாம் பெரிய படமா இருந்தாலும் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அவங்ககிட்ட போயிரும்."

"அப்ப யாரும் மலை ஏறத் தேவையில்ல."

"தேவையே இல்ல!" என்றேன், அந்தக் கம்பியை நானே இழுத்தவள் போல.

"அப்ப நீ எதுக்கு ஏறணும்?"

திரும்பிப் போகும்போது பஸ் முழுக்க அந்தக் கேள்விதான். மறுநாள் பதுளையில் இருந்து அந்த நிலையத்துக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது. மேகத்தை அறிய கருவிகள் உண்டு, ஆனால் அவை சில நேரம் ஏமாற்றிவிடும். தொடர்பு அறுந்துபோனால் தொலைநோக்கிக்கு மேலுள்ள கூரையை யாராவது மூட வேண்டும். தூரத்தில் இருப்பவர்களுக்காக ஓர் ஆள் வெளியே போய் வானத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆள் நான். இது பெருமையா அவமானமா என்று விளங்காமல் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அடுத்த ஞாயிறு போனபோது எதிர் லயம் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். "மேகம் வருதா, மழை வருமான்னு வெளிய போய்ப் பாத்துச் சொல்லணுமாம்" என்றேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "இதுக்கா இம்புட்டுப் படிச்ச?" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபிறகு பனியைப் பார்த்தபடி சொன்னாள்:

"ஏன் புள்ள, எனக்கு அப்படி ஒரு கம்பி இருந்திருந்தா, இந்த இஸ்தோப்புல ஒக்காந்துக்கிட்டே சவூதி வீட்டக் கூட்டிப் பெருக்கியிருப்பேன்ல? ஒனக்கு நானே தண்ணி ஊத்தியிருப்பேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருடமாக யார்மேல் கோபப்பட்டேன், எதற்காகக் கோபப்பட்டேன் என்று ஒன்றும் புரியவில்லை. அவளோ தேத்தண்ணி வைக்க எழுந்துவிட்டாள்.

"போயிட்டு வா" என்றாள் உள்ளே இருந்து. "அந்தக் கம்பி நம்ம மாதிரி ஆளுங்களுக்கு எப்ப வரும்னு கேட்டுக்கிட்டு வா."

போனேன். அந்த மலையில் மரமும் இல்லை, பனிமூட்டமும் அநேகமாக இல்லை. கூரையைத் திறப்பேன், தொடர்பு சரியா என்று பார்ப்பேன், வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து சொல்வேன். சேர்ந்து சில வாரங்கள் இருக்கும். அன்று தொலைநோக்கியைத் திருப்பும் முறை தூரதேசத்து ஆய்வாளர் ஒருவருக்கு. அவர் முகம் என் எதிரே திரையில் இருந்தது. எங்களுக்கு இரவு, அவருடைய ஊரில் பள்ளிக்கூடம் விடும் நேரம். சீருடையோடு ஒரு சிறுமி ஓடிவந்து அவர் மடியில் ஏறினாள். எட்டு வயது இருக்கும். அவர் ஒரு கையால் மகளின் தலையைத் தடவிக்கொண்டே மறுகையால் எதையோ தட்டினார். இங்கே என் தலைக்கு மேல் அந்தப் பெரிய தொலைநோக்கி மெல்லத் திரும்பியது.

அந்தக் கம்பி நமக்கு எப்போது வரும் என்று அம்மா கேட்டுவரச் சொன்னது ஞாபகம் வந்தது. இவரிடமா கேட்பது?

"வானம் எப்படி இருக்கிறது?" என்று அவர்தான் என்னைக் கேட்டார்.

வெளியே போய்ப் பார்த்தேன். ஒரு மேகம்கூட இல்லை. உள்ளே வந்து, அப்பாவின் மடியில் இருந்த அந்தப் பிள்ளையைப் பார்த்தபடி, "சுத்தமாக இருக்கிறது" என்றேன்.