குலசாமி பெயரில் ஒரு ஹாட்ஸ்பாட்

மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு வைஃபை ஒன்றரை மாதம் ஓடவில்லை. கனெக்‌ஷன் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ரௌட்டரின் வயரைப் பிடுங்கி வைத்தவள் நான். வருகிறவர்களிடம் ரிப்பேர் என்று கூசாமல் பொய் சொன்னேன். டிவிக்குக் கீழே இருக்கும் கேம் பெட்டிக்கு நெட் கிடைத்துவிடக் கூடாது என்று உண்மையைச் சொன்னால் யார்தான் சிரிக்காமல் இருப்பார்கள்?

எங்களைப் பெற்ற அய்யாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்திருந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போட்டுக்கொண்டிருந்தவரை வைத்தியத்துக்காக என்னோடு அழைத்து வந்திருந்தேன். பிசியோதெரபிஸ்ட் கொடுத்த ரப்பர் பந்தைத் தொடவே மாட்டார். சின்னப் பிள்ளைச் சாமானை என் கையில் கொடுக்கிறாயா என்று கோபம். ஆனால் தம்பி வாங்கிப் போட்டிருந்த கேம் பெட்டியில் பழைய விமான ஆட்டம் ஒன்றை ஓட்டிவிட்டால் அசையாமல் உட்கார்ந்துவிடுவார். அது மட்டும் என்ன பெரியவர்கள் சாமானா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதையும் விட்டுவிடுவார்.

நானும் தம்பியும் சின்ன வயதில் கேசட் போட்டு ஆடிய ஆட்டம் அது. கேசட் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதைப் போடுகிற மெஷின் செத்துப் பல வருடம் ஆகிறது, இப்போது அதை யாரும் விற்பதும் இல்லை. புதுப் பெட்டியைப் பழைய மெஷின் மாதிரி நடக்க வைக்கும் எமுலேட்டர் ஒன்றைத் தம்பிதான் ஏற்றிக் கொடுத்தான். புது ஆட்டங்களுக்குப் பத்து விரலும் பறக்க வேண்டும். இதில் இடது கை விமானத்தை நகர்த்தும், வலது கட்டைவிரல் சுட்டால் போதும். மூன்றாவது வாரத்தில் அந்தக் கட்டைவிரல் முதல் தடவையாக ஒரு குண்டைச் சுட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த சில நாளில் தம்பி சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டான். பெட்டியைச் செய்த கம்பெனி எமுலேட்டர்களைத் தடுக்கப் போகிறதாம், அடுத்த அப்டேட் ஏறிவிட்டால் திறக்காதாம், நெட்டைக் காட்டிவிடாதே என்றான். பெட்டி நம்முடையது, கரண்ட் நம்முடையது, கேசட்டும் நம்முடையது. அதில் எது ஓட வேண்டும் என்று எங்கேயோ இருக்கிறவன் சொல்வானா? எரிச்சலோடு வயரைப் பிடுங்கினேன்.

என் சொந்தக்காரர்களைத்தான் கணக்கில் எடுக்காமல் விட்டேன். போன மாசிக்களரித் திருவிழாவுக்குக் குலசாமி கோயிலில் கூடியபோது பாதிப் பேர் போனில் டவர் இல்லை. பங்காளிகள் கூடிப் பேசி, எல்லார் போனிலும் ஹாட்ஸ்பாட்டுக்குக் குலசாமி பெயரையே வைத்தார்கள். பாஸ்வேர்டும் அதுவே. எவர் போனில் டவர் கிடைத்தாலும் மற்றவர்களுக்கும் தானாக நெட் வந்துவிடும். நல்ல யோசனை என்று மெச்சி, வீட்டு வைஃபைக்கும் நான் அதையே வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா அய்யாவைப் பார்க்க வந்தார். வைஃபை ரிப்பேர் என்றதும் உருகிப்போனார். நான் அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தேன்.

"நெட்டு இல்லாம எதுக்குத்தா கஷ்டப்படுற? எம் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டுருக்கேன்," என்று சொல்லிவிட்டு, போனோடு மாடிக்குக் காற்று வாங்கப் போய்விட்டார்.

எனக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. அதே பெயர், அதே பாஸ்வேர்டு, வீட்டு வைஃபை என்றே நினைத்துப் பெட்டி தானாக ஒட்டிக்கொள்ளும். உறைத்ததும் மீன் கையோடு கூடத்துக்கு ஓடினேன். திரையில் அப்டேட் ஏறுவதைக் காட்டும் ஒரு வெள்ளைக் கோடு பாதி தூரம் போயிருந்தது. பெட்டியை அணைத்தால் பழுதாகும் என்று கீழே எச்சரிக்கை. அய்யா கண்ட்ரோலரை மடியில் வைத்து ஆட்டத்துக்காகக் காத்திருந்தார். பிளக்கைப் பிடித்தேன். பிடுங்கினால் பெட்டியே போய்விடுமோ என்று பயம். விட்டுவிட்டு மாடிக்கு ஓடி, யாரிடமோ பேசிக்கொண்டிருந்த சித்தப்பாவின் காதிலிருந்து போனைப் பறித்தேன். ஹாட்ஸ்பாட்டை அணைத்துக் கீழே வருவதற்குள் கோடு முடிந்திருந்தது.

அய்யா பட்டனை அமுக்கினார். இந்தச் செயலியை இதில் இயக்க முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் திரையைப் பார்க்காமல் தன் கட்டைவிரலையே பார்த்தார். மறுபடி அமுக்கினார். பிறகு கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, வலது கையைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"கை போச்சுத்தா."

கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டான் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். நம்ம வீட்டில் இருக்கிற பெட்டியை அவன் எப்படி நிறுத்துவான் என்று கேட்டார். நான் ஆறுதலுக்குச் சொல்வதாகவே நினைத்தார். மத்தியானம் இடது கையால் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். சித்தப்பாவிடம் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். பாவம், அவர் நல்லது செய்யத்தானே நினைத்தார்.

சாயங்காலம் கண்ட்ரோலரை அய்யாவின் இடது கையில் வைத்து அமுக்கச் சொன்னேன். முறைத்துக்கொண்டே அமுக்கினார். அதே வரி. என்னை அமுக்கச் சொன்னார். அதே வரி. அதற்கும் சமாதானம் ஆகாமல் சித்தப்பாவைக் கூப்பிட்டார். அவர் பயந்து பயந்து அமுக்க, அப்போதும் அதே வரிதான்.

"அப்ப எங் கை நல்லாத்தான் இருக்கு," என்றார் அய்யா.

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அந்தக் கம்பெனி மேல் வந்த ஆத்திரத்துக்கும் அளவில்லை.

அவர் துண்டை விலக்கினார். சுவரைப் பிடித்து எழுந்து டிவி சுவிட்சில் வலது கட்டைவிரலை வைத்தார். வழுக்கியது. சித்தப்பா உதவப் போனார், நான் தடுத்தேன். அய்யா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். திரை அணைந்தது.

"நாளைக்கு எதை அமுக்க?" என்று என்னைக் கேட்டார்.