சிவப்புக் கரை போட்ட வலை

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வாலிபால் வந்த வருஷம் எனக்குப் பதின்மூன்று வயது. பந்துதான் வந்தது, வலை வரவில்லை.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில், தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கிற ஊர் எங்களுடையது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடித் தார் சுற்ற வேண்டும். சின்னக் குழலில் ஊடை நூலைச் சுற்றி, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடக் கொடுப்பதுதான் தார். நாங்கள் சுற்றாவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் அப்பாவின் வாய் ஓடும்.

புதிதாக வந்த வாத்தியார், சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகளை விளையாட விடச் சொல்லி வீடு வீடாகக் கேட்டு வந்தார். எங்கள் தறிக்கு முன்னால் அவர் நின்றபோது நான் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். அந்தப் பந்தைத் தவிர எனக்கு அப்போது உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"பந்தைத் தட்டி என்னங்க ஆகப்போவுது?" என்றார் அப்பா, நாடாவை நிறுத்தாமல்.

வாத்தியார் கெட்டிக்காரர். "அது கெடக்கட்டுமுங்க. எங்களுக்கு ஒரு வலை வேணும். இந்த ஊர்ல உங்களை விட்டா ஆரால முடியும்?"

நாடா நின்றது. அப்பா நீளம் அகலம் கேட்டார். ஓட்டை ஓட்டையாக இருக்க வேண்டும் என்று வாத்தியார் சொன்னதும் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

"ஒரு பந்தயம் பாக்கறேனுங்க. அது வரைக்கும் பையன் வரட்டும். ஆவாத வேலைன்னு பட்டுச்சுன்னா, மக்யா நாளே தாருக்குத் திரும்பிருவான்."

பத்து நாளில் வலை வந்தது. நெருக்கமான நெசவு, மொடமொடவென்று கஞ்சி, மேலும் கீழும் சிவப்புக் கரை. கல்யாணப் பெண்ணுக்குக் கட்டிவிடலாம்.

"ஏனுங்க, ஓட்டையக் காணமுங்களே?" என்றார் வாத்தியார்.

"எங்கையால ஓட்டைத் துணி வெளிய போச்சுன்னா, நாளைக்கு ஆருங்க எங்கிட்டச் சேலை எடுப்பாங்க?"

வாத்தியார் இரண்டு மூங்கிலுக்கு நடுவே அதைக் கட்டிவிட்டார். எதிரே நிற்பவனின் இடுப்புக்கு மேலே ஒன்றும் தெரியாது. துணிக்குக் கீழே தெரியும் கால்களைப் பார்த்தே, பந்து எங்கிருந்து வரும் என்று கண்டுபிடிக்கப் பழகிவிட்டோம். தினமும் விழுந்து புரண்டு, ஒரே கும்மாளம்தான்.

பந்தயத்துக்குச் சேந்தமங்கலத்துப் பையன்கள் வந்தார்கள். பாவம், எங்கள் வலையைப் பார்த்ததுமே பாதி தோற்றுவிட்டார்கள். பந்து திடீர் திடீரென்று சிவப்புக் கரைக்கு மேலே முளைக்க, திருதிருவென்று விழித்தார்கள். கடைசிப் பந்தை எம்பி அடித்தவன் நான். ஊரே கை தட்டியது.

அப்பாவிடம் ஓடினேன். வலை நெய்தவர் என்று மரியாதை செய்து, வெளியூர்ப் பெரியவர்களோடு எதிர்ப்பக்கக் கோடியில் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

"நான் அடிச்சதைப் பாத்தீங்களாப்பா?"

"உங்காலு ரெண்டையும் பாத்தேன். மேல ஒண்ணுந் தெரியல."

அவ்வளவுதான். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். ஜெயித்த சந்தோஷமெல்லாம் எனக்கு வடிந்து போயிற்று.

மறுநாள் பள்ளி விட்டதும் மைதானத்துப் பக்கம் திரும்பாமல் நேரே வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தம் இல்லை. அப்பா மூங்கிலிலிருந்து அவிழ்த்து வந்த அந்த வலைத் துணியைக் கூடத்தில் விரித்துப் போட்டு, ஊசியால் இழை இழையாக உருவிக்கொண்டிருந்தார். நாலு விரலுக்கு ஒரு கட்டம், கோணல் மாணலாக. கரையை மட்டும் தொடவில்லை. ஒரு இழை அறுந்தாலே அன்றைக்குச் சோறு இறங்காத மனுஷன் அவர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் தார் சுற்றுகிற இடத்தில் போய் உட்கார்ந்தேன். கூடை நிறையச் சுற்றி வைத்த தார் இருந்தது.

"அதை ஆரு உன்னைத் தொடச் சொன்னாங்க?" என்றார் அப்பா, தலை நிமிராமல். "இதைக் கொண்டுபோயி மாட்டு, சாமி. நான் அந்தப் பெஞ்சுலதான் உக்காருவேன்."