அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

எனக்கு மலாய் நன்றாக வரும். அதுவே வினையாகப் போயிற்று.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய்வழி இடைநிலைப் பள்ளிக்குப் போன புதிதில், நான் மலாயில் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரிக்கும். அந்த வீம்பில் கற்ற மொழி. இன்றைக்கு நான் குடியிருக்கும் சிலிபினில் என் தெருவில் யாருக்கு அரசாங்க அலுவலகத்தில் காரியம் ஆக வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

போன வருடம் கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். இளம் மலாய்ப் பெண். உடம்புக்கு முடியாதபோது மக்கள் கிளினிக்கை நம்புகிறார்களா, கைப்பேசியில் வரும் வீடியோவை நம்புகிறார்களா, ஏன் என்று வீடு வீடாகக் கேட்டு அறிவது அவருடைய வேலை. நம் பெரியவர்கள் கடைகண்ணிக்குப் போதுமான மலாய் பேசுவார்கள். ஆனால் இப்படிப்பட்ட கேள்விகளுக்குச் சொந்த மொழியில்தான் மனம் திறப்பார்கள் என்று மொழிபெயர்க்க என்னை அழைத்துக்கொண்டார். கோலா கங்சார் போகும் வழியில் இருக்கும், நான் பிறந்த தோட்டத்துக்கே கூட்டிப்போனேன். ரப்பர் போய் இப்போது எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. தொழிலாளர்களின் லயன் வீடுகளை இடித்துவிட்டு ஓரத்தில் மலிவு விலை வீடுகளாக ஒரு தாமான் கட்டியிருக்கிறார்கள். பழைய சனத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

காரில் வரும்போதே அவர் ஒன்று சொன்னார். "அவர்கள் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். தப்பான பதில் என்று எனக்கு எதுவும் கிடையாது." இது எனக்குத் தெரியாதா என்று தலையாட்டினேன்.

முதல் வீட்டில் இருந்த அண்ணன், தலை சுற்றினால் மட்டும்தான் இரத்த அழுத்த மாத்திரை போடுவாராம். மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று வீடியோவில் யாரோ சொன்னார்களாம். அதை ஊருக்கெல்லாம் அனுப்பியும் வைத்தாராம். அவர் சொன்னதை நான் சொன்னபடியே பெயர்த்தேன். ஆய்வாளரின் புருவம் லேசாக உயர்ந்தது. ஏதாவது யோசித்திருப்பார், அவ்வளவுதான். எனக்கோ உடம்பெல்லாம் கூசியது. தோட்டத்து ஆட்கள் இப்படித்தான் என்று நினைத்துவிட்டாரோ? அந்தப் பழைய வகுப்பறைச் சிரிப்பு காதில் கேட்டது.

அடுத்தது அக்கா வீடு. அந்தக் காலத்து லயனில் எங்களுக்குப் பக்கத்து வீடு. அம்மா விடியுமுன் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போய்விடுவார், எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியது இந்த அக்காதான். இப்போது தனியாக இருக்கிறார். ஒரே மகன் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறான், லீவு கிடைத்தால் வருவான். அக்கா எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டுத் தனக்குச் சீனி போடாத தேநீர் ஊற்றிக்கொண்டார். இனிப்பு நீர் நோய் வந்து பல வருடமாகிறது.

கண் பரிசோதனைக்குப் போவதுண்டா என்று ஆய்வாளர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்துப் பேசினார்.

"ரெண்டு கண்ணும் மங்கலாத்தான் இருக்கு பாப்பா. வருசா வருசம் வரணும்னு கிளினிக்குல சொன்னாங்க. தேதி போன்ல வருமாம். அது மவன் போனு, அவன் வேலையில மறந்துருவான். கவுண்டர்ல போய்க் கேக்க மாலுவா, வெக்கமா இருக்குலா, படிக்கத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒரு வீடியோ காட்டுச்சு. தேன்ல வெங்காயச் சாறு கலந்து கண்ணுல விடணுமாம். அதத்தான் விடுறேன். எரியுது. எரிஞ்சாத்தான் நல்லதாம்."

ஆய்வாளர் என் வாயைப் பார்த்தார். மகன் எல்லாவற்றையும் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறான், அக்கா தவறாமல் பரிசோதனைக்குப் போகிறார், வீடியோ பொழுதுபோக்குக்கு மட்டும் என்று சொன்னேன். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று உளறவில்லை. யோசித்து, நல்ல மலாயில், அழகாகப் பூசி மெழுகினேன்.

அக்காவுக்கு அந்த அளவு மலாய் புரியும். எனக்கு அது தெரியும். தெரியாததுபோல இருந்துகொண்டேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "இன்னும் கொஞ்சம் மைலோ ஊத்தவா?" என்று கேட்டார்.

திரும்பும்போது ஆய்வாளர், அந்த அக்காவைப் போல எல்லாரும் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதவே கை கூசுகிறது, ஆனால் இருந்தது.

அடுத்த வாரமே அக்காவை நானே கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போவதாக மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நான் டியூஷன் எடுக்கும் பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தது, தீபாவளி வந்தது. ஆய்வாளரை அழைத்து அந்தப் பதிலைத் திருத்தச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். அவர் என்னை என்ன நினைப்பாரோ என்று அதையும் விட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்றே போயிற்று.

தைப்பூசம் முடிந்து அக்காவின் மகன் போனில் கூப்பிட்டான். "அம்மா வாசப்படியில விழுந்துட்டாங்கக்கா. வலது கண்ணு சுத்தமா தெரியலைங்கிறாங்க. எனக்கு லீவு கெடைக்கல. நீங்க கொஞ்சம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

கண் பிரிவுக்கு வெளியே நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பழியைக் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளப் பார்த்தேன் என்று இப்போது புரிகிறது.

"ஏங்க்கா, மாத்திரை வாங்கப் போறப்ப நர்ஸ்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே? அவங்க கேக்கலையா?"

"கேட்டாங்களே. மவன் எல்லாம் பாத்துக்குவான், கண்ணு டெஸ்டெல்லாம் பண்ணியாச்சுன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீ அன்னைக்குச் சொன்னியே பாப்பா, அதத்தான் சொன்னேன். நீ படிச்ச பொண்ணு. நீயே மாத்திச் சொல்றப்ப, நெசத்தச் சொன்னா கேவலம்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

குரலில் கோபம் இல்லை. வைதிருந்தால் தாங்கியிருப்பேன். பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல, நான் கற்றுக்கொடுத்ததை எனக்கே சொல்லிக்காட்டினார். அன்று நான் அக்காவின் மானத்தையா காப்பாற்றினேன்? என் மானத்தை. அதற்கு அவருடைய கண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

மருத்துவர் இளம் சீனர். வலது கண்ணுக்குள் இரத்தம் கசிந்து முற்றிவிட்டது, இனி பார்வை வராது என்றார். இடது கண்ணைக் காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் இதுவரை என்ன செய்தார், கண்ணில் என்ன விட்டார் என்று எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லு பாப்பா. உனக்குத்தான் நல்லாச் சொல்ல வரும்."

சொன்னேன். தேனை, வெங்காயச் சாற்றை, மகனிடம் இருக்கும் போனை, படிக்கத் தெரியாததை, கவுண்டரில் கேட்க வெட்கப்பட்டதை, ஒன்று விடாமல் மலாயில் சொன்னேன். மருத்துவர் சிரிக்கவில்லை, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பேசப் பேச, பக்கத்தில் அக்கா தலையைக் குனிந்து, கையிலிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.